‘இறைவன் ஒருவன்’ என்பது பற்றி இந்துவும் முஸ்லிமும் உட்கார்ந்து பேசுவது எப்படி?

சிங்கப்பூரில் உங்கள் வட்டாரத்துச் சமூக மன்றத்தில் இந்துக்களும் முஸ்லிம்களுமாகப் பத்துப் பன்னிரண்டு தமிழர்கள் கூடி, ‘இறைவன் ஒருவன்’ என்பது பற்றிப் பேசப்போகிறார்கள்; அதை நடத்தும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய அமர்வுகளைச் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன் என்பதால், பட்டுத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கைவிட வேண்டியது ஒரு வாக்கியம்: “எல்லாம் ஒன்றுதான், பெயர்தான் வேறு.” என் முதல் அமர்வை நான் இந்த வாக்கியத்தோடுதான் தொடங்கினேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. தேநீர் குடிக்கும் நேரத்தில், கீழக்கரையைப் பூர்விகமாகக் கொண்ட ஒரு பெரியவர் என்னைத் தனியே அழைத்து, “தம்பி, நல்ல மனசோடதான் சொன்னீங்க. ஆனா எங்க கலிமாவையே சுருட்டி மூலையில வெச்சிட்டீங்க” என்றார். கலிமா என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை உறுதிமொழி. அன்றிரவே, சைவ சித்தாந்த வகுப்புகளுக்குப் பல ஆண்டுகள் சென்ற ஓர் அக்கா கைப்பேசியில் அழைத்து, “எல்லாமே ஒன்னுன்னு நாங்க எங்கப்பா சொன்னோம்? பதி வேற, பசு வேற” என்றார். பதி என்றால் இறைவன், பசு என்றால் உயிர். நல்லிணக்கம் என்று எண்ணிச் சொன்ன ஒரே வாக்கியத்தால் இரு தரப்பாரையும் ஒருசேர வருத்தியிருந்தேன். அதற்குப் பிறகுதான், ‘எத்தனை கடவுள்?’ என்ற கேள்வியால் பேச்சு ஓரடிகூட நகராது என்பதும், ‘ஒன்று என்று நீங்கள் சொல்லும்போது எதைச் சொல்கிறீர்கள்?’ என்ற கேள்வியால்தான் நகரும் என்பதும் எனக்குப் பிடிபட்டன.

சொற்களை முதலில் எடுத்துவையுங்கள்

தொடக்க நேரத்தைத் தத்துவத்தில் செலவிடாமல் சொற்களில் செலவிடுங்கள். தமிழ் முஸ்லிம்கள் நாள்தோறும் ஐந்து வேளை செய்வதற்குத் ‘தொழுகை’ என்றே பெயர். அதே ‘தொழு’ என்னும் வினைதான் திருக்குறளின் முதல் அதிகாரத்தில் ‘நற்றாள் தொழாஅர் எனின்’ என்று வருகிறது. ரமலானில் பிடிப்பது ‘நோன்பு’. மார்கழியில் பாவையர் நோற்றதும் நோன்பே. ‘பள்ளி’ என்பது ஒருகாலத்தில் சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்தைக் குறித்த சொல். இன்று கல்விக்கூடத்துக்கும் முஸ்லிம்களின் இறையில்லத்துக்கும் அதுவே பெயர். ஆகவே இரு தரப்பாரும் பேசப்போகும் மொழி பொதுவானது, ஆனால் சொற்களின் எடை பொதுவானதன்று. ‘இறைவன்’, ‘ஆண்டவன்’ ஆகிய சொற்களை இருவரும் தயக்கமின்றிப் பயன்படுத்துவார்கள். ‘சாமி’, ‘தெய்வம்’ என்று நீங்கள் சொல்லும்போது முஸ்லிம் நண்பர்கள் பலர் உள்ளூர ஓரடி பின்வாங்குவார்கள். ‘சிலை’ என்று அவர்கள் சொல்லும்போது, ‘விக்கிரகம்’, ‘திருமேனி’ என்று சொல்லிப் பழகிய இந்து நண்பர்களுக்குச் சுருக்கென்று இருக்கும். எந்தச் சொல் யாரைத் தைக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகக் கேட்டுப் பலகையில் எழுதிவிட்டால், பின்னர் வரக்கூடிய பாதி மனக்கசப்பு குறைந்துவிடும்.

இஸ்லாம் சொல்லும் ‘ஒருவன்’

இதை விளக்கும் பொறுப்பை ஒரு முஸ்லிமிடமே ஒப்படையுங்கள். இந்துவான நான் விளக்கினால், எவ்வளவு படித்திருந்தாலும் அது வெளியிலிருந்து பார்த்துச் சொல்வதாகவே இருக்கும். கையில் கொடுக்க வேண்டிய பகுதி ஒன்று போதும்: குர்ஆனின் 112ஆம் அத்தியாயம், மக்கள் வழக்கில் ‘குல்ஹுவல்லாஹ் சூரா’. வசனங்கள் நான்கே. அல்லாஹ் ஒருவன், அவன் எவரையும் சாராதவன், எல்லாரும் அவனைச் சார்ந்திருப்பவர்கள், அவன் எவரையும் பெறவுமில்லை, எவராலும் பெறப்படவுமில்லை, அவனுக்கு நிகராக எவரும் இல்லை. ஓதத் தெரிந்த ஒருவர் அரபியில் ஒருமுறை ஓதட்டும், அரை நிமிடம்கூட ஆகாது. பிறகு ஒவ்வொரு வசனமாக நிறுத்திப் பேசுங்கள்.

முதல் வசனத்தில் வரும் ‘அஹத்’ என்ற சொல்லில் நின்று பேசுவது பயனுள்ளது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போகும் வரிசையில் முதலாவதாக நிற்கும் ஒன்றை அது குறிப்பதில்லை. வரிசைக்கே இடம் தராத தனிமையைக் குறிக்கிறது என்பார்கள் அறிஞர்கள். இதிலிருந்து கிடைப்பதே ‘தவ்ஹீத்’, அதாவது ஏகத்துவம். இறைவனுக்குரியதை வேறெவருக்கேனும் எதற்கேனும் பங்கிட்டுத் தருவது ‘ஷிர்க்’, அதாவது இணைவைத்தல். “வணக்கத்துக்குரியவன் அல்லாஹ்வையன்றி வேறு இல்லை” என்னும் கலிமா, அரபியில் ‘இல்லை’ என்ற மறுப்பில் தொடங்கி அதன் பிறகே ஏற்பில் முடிகிறது என்பதை இந்து நண்பர்கள் கவனிக்கும்படி செய்யுங்கள். அந்த மறுப்பு இல்லாமல் இஸ்லாத்தின் ‘ஒருவன்’ இல்லை. என் கைதட்டல் வாக்கியம் அந்தப் பெரியவரை ஏன் வருத்தியது என்பது இப்போது விளங்கியிருக்கும்.

படைத்தவன் வேறு, படைக்கப்பட்டவை வேறு என்ற கோடும் இங்கே அழியாதது. ஆயினும், அதனால் இறைவன் எட்டாத தொலைவில் இருக்கிறான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். மனிதனின் பிடரி நரம்பைவிட அவனுக்கு அருகில் இருப்பதாக இறைவன் சொல்வது குர்ஆனின் 50ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. இந்து நண்பர்களுக்கு அது பெரும்பாலும் புதிய செய்தியாக இருக்கும். இங்குள்ள மலாய் சமய வகுப்புகளில் குழந்தைகள் இறைவனின் இருபது பண்புகளை மனப்பாடம் செய்வதுண்டு; அப்படிப் படித்தவர் யாரேனும் அமர்வில் இருந்தால், ‘படைப்புகளுக்கு ஒப்பாகாதவன்’ என்ற பண்பை மட்டும் விளக்கச் சொல்லுங்கள்.

இந்து சமயம் சொல்லும் ‘ஒன்று’கள்

தலைப்பில் பன்மை விகுதியை வேண்டுமென்றேதான் சேர்த்திருக்கிறேன். ‘இந்து சமயம் ஒரே கடவுளைச் சொல்கிறதா, பல கடவுளரையா?’ என்று கேட்பவருக்கு ஒற்றைச் சொல்லில் விடை சொல்ல முயல்பவர் தோற்பார். நான் வழக்கமாகப் பிருகதாரண்யக உபநிடதத்தில் வரும் ஓர் உரையாடலிலிருந்து தொடங்குவேன். விதக்தர் என்னும் சாகல்யர், யாக்ஞவல்கியரிடம் “தேவர்கள் எத்தனை பேர்?” என்று கேட்கிறார். “மூன்றும் முந்நூறும், மூன்றும் மூவாயிரமும்” என்கிறார் யாக்ஞவல்கியர், கூட்டினால் 3,306. “சரி, உண்மையில் எத்தனை பேர்?” “முப்பத்து மூன்று.” “சரி, உண்மையில்?” “ஆறு.” அடுத்து மூன்று, அடுத்து இரண்டு, அதற்கடுத்து ஒன்றரை, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு முறையும் “சரி” என்று ஏற்றுக்கொண்டே மீண்டும் அதே கேள்வியைக் கேட்கிறார் சாகல்யர். இரண்டு பேரை எழுந்து நின்று இதை வாசிக்கச் சொன்னால், ‘ஒன்றரை’ வரும்போது அவையில் சிரிப்பு எழும். சிரிப்பு அடங்கியதும் சொல்ல வேண்டியது இதுதான்: முன்னால் சொன்ன எண்கள் எதுவும் பொய் என்று தள்ளப்படவில்லை, ஒவ்வொன்றும் அடுத்ததற்குள் ஒடுங்குகிறது. பலவற்றை மறுத்து ஒன்றை அடைவது கலிமாவின் வழி. பலவற்றை ஒடுக்கி ஒன்றை அடைவது இந்த உரையாடலின் வழி. என் அனுபவத்தில், அமர்வில் எல்லாருக்கும் தெளிவாகப் புரிகின்ற வேறுபாடு இதுவே.

ஆனால் அடைந்த அந்த ‘ஒன்று’ எத்தகையது என்பதில் இந்துக்களே ஒத்துப்போவதில்லை. சாந்தோக்கிய உபநிடதம் ‘ஒன்றே, இரண்டாவது அற்றது’ என்கிறது. சங்கரரின் வழிவந்தவர்கள் அதற்கு, அந்தப் பொருளைத் தவிர மெய்யாக வேறொன்று இல்லவே இல்லை என்று பொருள் கொள்கிறார்கள். இராமானுசரின் வழிவந்தவர்கள், உயிர்களும் உலகமும் மெய்யாகவே இருக்கின்றன, ஆனால் அவை திருமாலுக்கு உடலாக இருக்கின்றன, உடலும் உயிரும் சேர்ந்து ஒருவர் என்பதுபோல அது ஒன்று என்கிறார்கள். மத்துவர் வழியில் இறைவன் வேறு, உயிர் வேறு, உலகம் வேறு.

தமிழர்களிடையே நடக்கும் பேச்சு ஆதலால், சைவ சித்தாந்தத்துக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். ‘ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்’ என்ற திருமூலர் வரியை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். முஸ்லிம் நண்பர்களும் மகிழ்ச்சியோடு தலையசைப்பார்கள். அத்தோடு நிறுத்திவிட்டால் நேர்மை ஆகாது. அதே திருமந்திரத்தில் ‘பதியினைப் போற்பசு பாசம் அனாதி’ என்றும் இருக்கிறது. இறைவனாகிய பதி எப்படித் தொடக்கமற்றவனோ, அப்படியே உயிராகிய பசுவும், தளையாகிய பாசமும் தொடக்கமற்றவை. தலைவன் ஒருவன்தான், அவனுக்கு இணை இல்லை. என்றாலும் என்றும் உள்ள பொருள் அவன் மட்டுமன்று. இறைவன் இல்லாமையிலிருந்து உயிரைப் படைத்தான் என்று சித்தாந்தி சொல்லமாட்டார். என்றுமுள்ள உயிரை மலமாகிய தளையிலிருந்து விடுவிக்கவே உடலையும் உலகையும் தருகிறான் என்பார். ‘ஆகுக’ என்றதும் ஆகிவிடும் என்று குர்ஆனில் படித்த முஸ்லிமுக்கு இது பெரும் திகைப்பாக இருக்கும். எங்கள் குழுவில் ஒரு கல்லூரி மாணவி, “அப்படியென்றால் இறைவனுக்கு முன்பே உயிர் இருந்ததா?” என்று கேட்டாள். “முன்பும் இல்லை, பின்பும் இல்லை” என்று விடை வந்தது. அந்த ஒரு கேள்வியில் நாற்பது நிமிடம் போயிற்று. வீணாகப் போனதாக யாரும் சொல்லவில்லை.

நெருங்கி வரும் இடமும், வழுக்கும் இடமும்

இரு மரபுகளும் மிக நெருங்கி வருவது, இறைவனுக்கு ஒப்பு இல்லை என்னும் இடத்தில். ‘அவனைப் போன்று எதுவும் இல்லை’ என்கிறது குர்ஆனின் 42ஆம் அத்தியாயம். ‘ஒருநாமம் ஓருருவம் ஒன்றுமிலார்க்கு ஆயிரம் திருநாமம் பாடி’ என்கிறார் மாணிக்கவாசகர். பெயரும் உருவும் அற்றவனுக்கு ஆயிரம் பெயர் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வி நேராக அல்லாஹ்வின் தொண்ணூற்றொன்பது அழகிய திருப்பெயர்களுக்குக் கொண்டுபோய்விடும். தஸ்பீஹ் மணியில் அர்ரஹ்மான், அர்ரஹீம் என்று எண்ணுபவரும், சஹஸ்ரநாமம் சொல்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அந்த நிமிடம் எனக்குப் பிடித்தமானது. தாயுமானவரும், குணங்குடி மஸ்தான் சாகிபும் ஆளுக்கொரு பராபரக்கண்ணி பாடியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லலாம். இரண்டிலிருந்தும் சில கண்ணிகளைப் பெயர் சொல்லாமல் வாசித்து, எது யாருடையது என்று கேட்டால் பலர் தடுமாறுவார்கள்.

வழுக்கும் இடமும் இதையொட்டியே இருக்கிறது. ‘ந தஸ்ய ப்ரதிமா அஸ்தி’ என்று சுவேதாசுவதர உபநிடதத்தில் ஒரு வரி உண்டு. ‘அவனுக்குப் பிரதிமை இல்லை என்று உங்கள் வேதமே சொல்கிறது, பின் ஏன் சிலை வைக்கிறீர்கள்?’ என்று விவாத மேடைகளில் கேட்பார்கள். ‘ப்ரதிமா’ என்பதற்கு ஒப்பு, நிகர் என்ற பொருளும் உண்டு. ‘மகத்தான புகழே பெயராக உடைய அவனுக்கு நிகர் இல்லை’ என்றே மரபில் உரை சொல்கிறார்கள். இந்த வரியை ஆயுதமாக எடுப்பவரைப் பார்த்தால், மென்மையாக, ஆனால் உடனே நிறுத்துங்கள். பிற்காலத்தில் வந்த இறைத்தூதரைப் பிறர் நூலில் ‘கண்டுபிடிப்பது’, பிறர் புனிதத்தலத்தை ‘உண்மையில் எங்களுடையது’ என்பது போன்ற வாட்ஸ்அப் சரக்குகளுக்கும் அவையில் இடம் கொடாதீர்கள். முகம்மது நபியை அவதாரம் என்று புகழ்வதும் கூடாது. அவர் மனிதர், இறைத்தூதர் என்பதில்தான் முஸ்லிம்களின் ஏகத்துவமே நிற்கிறது.

திருமேனி பற்றிய கேள்வி வரும்போது

வராமல் இருக்காது. எந்த அமர்விலும் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். ‘கல்லையா கும்பிடுகிறீர்கள்?’ என்பதற்கு, ‘தொடக்கநிலையில் இருப்பவர்களுக்காக வைத்தது’ என்று சில இந்துக்களே விடை சொல்வார்கள். கோயிலுக்குச் செல்லும் பெரும்பாலோரை அது தாழ்த்திவிடும் என்பதால் நான் அதை ஏற்பதில்லை. பதிலாக, ஒரு கைப்பிடி மஞ்சள் தூளைக் கொண்டுவாருங்கள். சில துளி நீர் விட்டுப் பிசைந்து, விரல்களால் கூம்பாகப் பிடித்து, வெற்றிலைமேல் வைத்து, ஓர் அறுகம்புல்லைச் செருகுங்கள். வீட்டில் எந்தப் பூசை தொடங்கினாலும் இப்படித்தான் பிள்ளையார் பிடிப்பார்கள். ஆவாகனம் செய்து, அதாவது எழுந்தருளும்படி அழைத்து வழிபட்ட பின், பூசை முடிந்ததும் வடக்கே சற்று நகர்த்திவைத்து, அப்புறம் அந்த மஞ்சளை நீரில் கரைத்துவிடுவார்கள். கரைத்தவர் பிள்ளையாரைக் கரைத்ததாக நினைப்பதில்லை. அமர்வில் மஞ்சளைப் பிடித்துக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மந்திரமோ வழிபாடோ வேண்டாம்.

இதைப் பார்த்தபின் முஸ்லிம் நண்பர் உருவ வழிபாட்டை ஏற்றுக்கொள்வார் என்று எதிர்பார்க்கக் கூடாது. அவர் ஏற்கவும் மாட்டார். அவருக்கு அது இன்னமும் இணைவைத்தலே. ஆனால் தாம் எதை மறுக்கிறோம் என்பதை முன்பைவிடச் சரியாக அறிந்து மறுப்பார். பிறர் அழைத்து வணங்குபவற்றை ஏசாதீர்கள் என்று குர்ஆனின் 6ஆம் அத்தியாயத்தில் தெளிவான கட்டளை இருப்பதால், மறுப்புக்கும் ஏச்சுக்கும் உள்ள வேறுபாடு அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதன்று. இதற்கு நேர்மாறாக, தர்காவில் வேண்டுதல் செய்வது சரியா தவறா என்று முஸ்லிம்களுக்குள் இருக்கும் கருத்து வேறுபாட்டில் இந்துக்கள் மூக்கை நுழைக்கக் கூடாது. தெலுக் ஆயர் தெருவின் நாகூர் தர்கா பற்றிப் பேச்சு வந்தால் வரலாற்றோடு நிறுத்துங்கள்.

அமர்வை நடத்தும் முறை

நான் நம்பும் பயிற்சி ஒன்றுதான். ஒருவர் தம் நம்பிக்கையை மூன்று நிமிடம் சொல்ல வேண்டும்; மற்ற சமயத்தவர் அதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும்; முதலில் சொன்னவர் “ஆம், அதைத்தான் சொன்னேன்” என்று ஒப்புக்கொள்ளும்வரை, திருப்பிச் சொல்பவர் தம் கருத்தைச் சொல்லக் கூடாது. கேட்க எளிது, செய்யும்போது பெரும்பாலோர் இரண்டு, மூன்று முறை தவறுவார்கள். இதற்கு முன்னோடி ஒருவர் உண்டு. சுமார் 1030இல் இந்தியாவைப் பற்றி அரபியில் எழுதிய முஸ்லிம் அறிஞர் அல்பிரூனி, தாம் எழுதுவது வாதநூல் அன்று, இந்துக்கள் சொல்வதை அவர்கள் சொல்கிறபடியே முன்வைப்பதாகச் சொல்லித் தொடங்கினார். கற்ற இந்துக்கள் இறைவன் ஒருவன், தொடக்கமும் முடிவும் அற்றவன் என்று நம்புவதாகப் பதிவுசெய்தார். அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு முகலாய இளவரசர் தாரா ஷிகோ, ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்து, 1657இல் முடித்தார்; இரு மரபுகளும் ஒரே உண்மையைச் சொல்வதாக அவர் எண்ணினார். தாராவின் கனவு அழகானது, ஆனால் முதல் அமர்வுக்கு அல்பிரூனியின் பொறுமையே உதவும்.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலை பத்து மணி பொருத்தமான நேரம்: மாலையில் வைத்தால் ராகு காலம் என்று சிலர் தயங்குவார்கள், ஏழு மணியளவில் மஃரிப் என்னும் அந்தித் தொழுகை வந்துவிடும். காலையில் தொடங்கினால் லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்கு முன் தாராளமாக முடிக்கலாம். உணவு சைவமாகவும் ஹலாலாகவும் இருக்கட்டும். படையலிட்ட பிரசாதத்தைச் சிற்றுண்டியோடு கலந்து வைக்காதீர்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். ஒளிப்பதிவு வேண்டவே வேண்டாம். கைப்பேசிக் கேமரா திரும்பியதும் உரையாடல் மேடைப் பேச்சாகிவிடும். சமய நல்லிணக்கத்தைப் பேணுவதற்கு 1990இலேயே சட்டம் நிறைவேற்றிய நாடு இது. வெட்டியெடுத்த பத்து நொடிக் காணொளி எங்கே போய் எப்படி முடியும் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது அமர்வை நடந்துகொண்டே நடத்தலாம். சவுத் பிரிட்ஜ் சாலையில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும், நாராயண பிள்ளை 1827இல் தோற்றுவித்த ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் ஏறத்தாழ அண்டைவீடுகளாக நிற்கின்றன. நண்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள், வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசலில் கூட்டம் நிரம்பும்; இரண்டையும் தவிர்த்துச் சனிக்கிழமை காலையில் செல்லுங்கள். காலணி கழற்றுவது இரண்டுக்கும் பொது. கோயிலில் நிமிர்ந்து பார்த்தால் கோபுரத்தில் இடைவெளியே இல்லாமல் உருவங்கள். பள்ளிவாசல் தொழுகைக்கூடத்தில் உருவம் ஒன்றுகூட இல்லை. வெளியே வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “உள்ளே இருந்தபோது ‘ஒன்று’ என்பதை எதில் பார்த்தீர்கள்?” விடைகளை விவாதிக்காமல், வரும்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பேசி முடியாதவற்றை முடித்துவைக்க முயலாதீர்கள். கேள்வியைத் தாளில் எழுதி, அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு கலையுங்கள். உயிர் படைக்கப்பட்டதா, தொடக்கமற்றதா என்ற அந்த மாணவியின் கேள்வி எங்கள் தாளில் மூன்று அமர்வுகளாக இருக்கிறது. என் முதல் வாக்கியத்தைக் கண்டித்த கீழக்கரைப் பெரியவர், இந்த முறை சித்தாந்தத்தின் பக்கத்தைத் தாமே திருப்பிச் சொல்லிப் பார்ப்பதாகவும், அக்கா தலையசைக்கும்வரை தேநீரைத் தொடுவதில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அவருக்குச் சர்க்கரை இல்லாத தேநீர் எடுத்துவைக்க வேண்டும்.